தெல்மா பாரக்ளஃப் மாட்டிய ஒரே டிரைவ்

தலைமை ஏற்றிருக்கும் போதகர் கேரிஸ் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் மனைவியின் நீல மேலங்கியை மடித்து மடியில் வைத்திருக்கும் என் நண்பர் நாரிஸ் பாரக்ளஃப் அவர்களே! லேத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆக்கன்ஷா ஊர் மக்கள் பட்டறைத் தோழர்களே! மேல்மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கும் பாடகர் குழுவினரே! கடைசி வரிசையில், கதவோரமாக, மெயின் சுவிட்சுக்குக் கையெட்டும் தூரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும் கட்டட நிர்வாகி திரு. ஜூலியன் ஃபேர்வெதர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஹெட்லி ஆக்ராய்டின் வணக்கம்.

எனக்கு மைக் வேண்டாம். கம்பள ஆலைத் தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்தவன் நான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. கடைசி வரிசைவரை கேட்கும். இன்றைக்குக் கடைசி வரிசைக்குத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

காலையில் போதகர் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹெட்லி, இன்னிக்கு ஒரு நாளாவது கொஞ்சம் அடக்கி வாசிங்களேன். இது இரங்கல் கூட்டம்" என்றார். அம்மா, உங்கள் வார்த்தைக்கு நான் என்றைக்கும் மதிப்புக் கொடுப்பவன். இன்றைக்கு மட்டும் மன்னியுங்கள். தெல்மா பாரக்ளஃப் படத்துக்கு முன்னால் நின்று ஒருவன் அடக்கி வாசித்தால், அந்தப் படமே இறங்கி வந்து அவன் காதைத் திருகும்!

எனக்கு அழுகை இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறது. வீட்டில் அழுதேன், கல்லறையில் அழுதேன், நேற்று கடையில் அவர் வாங்கும் பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு அங்கேயும் நின்று அழுதேன். ஆனால் இன்று அழுதுவிட்டுக் கலைந்து போவதற்கு நமக்கு நேரமில்லை. ஏன் இல்லை? உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

தெல்மாவை அடக்கம் செய்துவிட்டு, நனைந்த காலணியோடு நாம் இந்தக் கதவுக்கு வந்தோம். கதவில் ஓர் அறிவிப்பு. ஒட்டிய பசைகூடக் காயவில்லை. "இப்பட்டறையின் இயந்திரங்கள் நிறுத்தப்பட்டு அகற்றப்படும்." பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார் திரு. ஃபேர்வெதர். நம் நஸ்ரீன்தான் முதலில் வாய் திறந்தாள்.

"என்னங்க இது? இப்பத்தான் மண்ணைப் போட்டுட்டு வர்றோம்."

"எனக்கும் வருத்தம்தாங்க. ஆனா சுவத்துல தொங்குற டிரைவ் பெட்டி எல்லாம் அந்தம்மா ஒருத்தங்களோட வேலை. அவங்களே போயிட்டாங்க. விவரம் தெரிஞ்ச ஆள் இல்லாத எடத்துல மோட்டாரை ஓட விட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நாங்க சொல்றோம்."

"நீங்க துணி தைக்கிறவங்க."

"ஆமா, துணி தைக்கிறவதான். அதுக்கு?"

அவர் கார் கதவைத் திறந்தார். "இரங்கல் கூட்டம் முடியுற வரைக்கும் பொறுத்துக்கறேன். முடிஞ்சதும் மெயினை இறக்கிடுவேன். திங்கக்கிழமை லாரி வரும்" என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

பொறுத்துக்கொள்கிறாராம்! என்ன பெருந்தன்மை! எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் ஆறட்டும், சூடு போகட்டும் என்று காத்திருந்து பிடுங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். இந்தத் தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக்கடை வரப்போகிறது என்று ஊர் பேசுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மூடும் வேலையில் எனக்கும் விருப்பமில்லை.

ஆனாலும் தோழர்களே, ஒன்றை ஒப்புக்கொள்வோம். திரு. ஃபேர்வெதர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "யார் பதில் சொல்வது?" நம் குத்தகையிலேயே அது இருக்கிறது: விவரம் அறிந்தவர்கள் பொறுப்பில் இருக்கும்வரை இயந்திரங்கள் ஓடலாம். அப்படியென்றால் தெல்மாவோடு அந்த விவரமும் மண்ணுக்குள் போய்விட்டதா? அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். இந்த உரை முடியும்வரை மெயின் சுவிட்ச் மேலேயே இருக்கும் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் நீளமாகப் பேசுகிறவன் என்பது அவருக்குத் தெரியாது போலும்.

யார் இந்த தெல்மா பாரக்ளஃப்? கம்பள ஆலையின் மின்பிரிவில் காலமெல்லாம் வேலை செய்தவர். வாய்த்துடுக்கானவர். எதிலும் முன்னால் நிற்பவர். சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டுக்கட்டையே குறை சொல்பவர். இறந்துவிட்டார் என்பதற்காக அவரைப் பொறுமைசாலி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பொறுமை அவர் வீட்டில் மொத்தமும் நாரிஸ் பங்குக்குப் போய்விட்டது.

ஆலை மூடிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிப் போக லாரி வந்து நின்றது. முதலில் வெளியே வந்தது எது தெரியுமா? இதோ, எனக்குப் பின்னால் நிற்கிறதே, இந்தப் பெரிய லேத். சங்கச் செயலாளரான நான் நிர்வாகத்தோடு நாகரிகமாகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தேன். தெல்மா நேரே போய் லாரிக்கு முன்னால் ஒரு கவிழ்த்த பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் சாப்பாட்டு டப்பா. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"அம்மா, நகருங்க."

"சாப்பிட்டுட்டு இருக்கேன் கண்ணு. சாப்பிடறவங்களை எழுப்பக் கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

"எப்ப முடிப்பீங்க?"

"எனக்குப் பல்லு சரியில்லை. லேட்டாகும்."

அன்று மாலைக்குள் இந்த லேத்தும் இன்னும் சில இயந்திரங்களும் எங்களுக்கு என்று ஆகிவிட்டன. பேச்சுவார்த்தை வெற்றி என்று சங்கப் பலகையில் நான் எழுதிப் போட்டேன். எந்தப் பேச்சு ஜெயித்தது என்பது ஊருக்கே தெரியும்.

அப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்த இயந்திரங்கள் இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பிணம் போலக் கிடந்தன. காரணத்தைப் பாடகர் குழுவினருக்காகச் சொல்கிறேன், பட்டறைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலை மோட்டார்கள் எல்லாம் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. இந்தத் தெருவுக்கு வருவதோ வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம். அதை வாங்கி, மூன்று முனையாக மாற்றி, மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் நம் விரல் நுனிக்குக் கொண்டுவந்து தருகிற பெட்டிதான் டிரைவ். முன்பு வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் லேத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைப் பிடித்து இழுத்து வேறு கப்பியில் மாட்ட வேண்டும். இப்போது ஒரு குமிழைத் திருகினால் போதும். அவ்வளவுதான் விஷயம்.

முதல் டிரைவை தெல்மா தானே மாட்டினார். இதே பெரிய லேத்தில். எங்களில் யாரையும் பக்கத்தில் விடவில்லை. "நான் பிறக்கறப்பவே கையில ஸ்க்ரூடிரைவரோட பிறந்தவ" என்றார். இந்த லேத்தின் பக்கவாட்டில் ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கிறதல்லவா? மேலே தூக்கினால் ஓடும், கீழே இறக்கினால் நிற்கும். காலகாலமாகக் கைபட்டுக் கைபட்டு மினுங்குகிற பிடி. அதன் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. அதை எடுத்துவிட மனம் வராமல், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே விட்டுவிட்டார்.

எல்லாரும் சுற்றி நின்றோம். நாரிஸ் இஞ்சி கேக் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். லேத் ஓடியது! கைதட்டினோம்! தெல்மா உளியை இரும்பில் கொடுத்தார். லேத் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டம் இருக்கிறது, பலம் இல்லை. மறுபடி கொடுத்தார், மறுபடி நின்றது. அவருக்கு வந்ததே கோபம்! பித்தளைப் பிடியை ஓங்கிக் கீழே இழுத்தார், அதே வேகத்தில் மேலே அடித்தார். டப் என்று ஒரு சத்தம். டிரைவிலிருந்து ஒரு புகை.

நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கும் மோட்டாருக்கும் நடுவே கம்பியைத் துண்டித்துத் திரும்பச் சேர்த்தால் டிரைவ் செத்துப்போகும். புதிதாக வாங்குகிறவனுக்கு இந்த ஆபத்தே இல்லை. அவனிடம் பழைய பிடி இருக்காது. பழையதை நேசிக்கிறவனுக்குத்தான் இந்த விபத்து.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? டிரைவ் சரியில்லை, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருப்பார். சீட்டுக்கட்டைக் குறை சொன்ன தெல்மாவிடம் நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு ஆணியை எடுத்து, கருகிய டிரைவை, டீ போடும் கெட்டிலுக்கு மேலே சுவரில் அடித்தார். வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு அதன் மூடியில் "தெல்மா" என்று எழுதினார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"எனக்குத் தெரியும்னு நினைச்சேன் பாரு, அதுதான் தப்பு. தெரிஞ்சவங்க புஸ்தகத்தைப் பிரிக்க மாட்டாங்க. இனிமே இந்தப் பட்டறையில டிரைவை நான் மாட்ட மாட்டேன். நீங்க மாட்டுங்க. நீங்கதான் பயந்து பயந்து படிச்சுப் பாத்து மாட்டுவீங்க."

"அப்ப நீ என்ன பண்ணப் போறே?" என்று நான் கேட்டேன்.

"பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டுத் திட்டிக்கிட்டே நிப்பேன்."

சொன்னபடியே செய்தார்! கடைசிவரை அப்படித்தான் நின்றார்! நஸ்ரீன் இங்கே இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். அவள் மணிக்கட்டு முறிந்து கூடியபின் சின்ன லேத்தின் பெல்ட்டை அவளால் இழுத்து மாட்ட முடியவில்லை. கை வலியில் அழுதுகொண்டே வந்தாள்.

"அக்கா, நீங்களே ஒரு டிரைவ் போட்டுக் குடுத்துடுங்களேன். உங்களுக்கு அரை மணி நேர வேலை."

"நான் போட்டா அது என் லேத். நீ போட்டா உன் லேத். எது வேணும்?"

"எனக்குக் கரண்டுன்னாலே பயம்க்கா."

"பயம் இருக்கிறவதான் வேணும். பயம் இல்லாதவ ஒருத்தி போட்டது அங்க தொங்குது பாரு."

நஸ்ரீன் மாட்டினாள். தெல்மா பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எர்த் கம்பியை முதலில் இணைக்கச் சொன்னார். மோட்டாருக்குப் போகும் கம்பியை நடுவில் எதுவும் குறுக்கிடாமல் நேராகக் கொண்டுபோகச் சொன்னார். மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, அந்த எண்களை அவள் விரலாலேயே டிரைவில் ஏற்றச் சொன்னார். சட்டென்று குதிக்காமல் மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும்படி வைத்தாள் நஸ்ரீன். வலியில்லாத கையால் குமிழைத் திருகினாள். லேத் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. அன்று அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே தெல்மா பெயிண்டை நீட்டி, "ஏறி, மூடியில உன் பேரை எழுது" என்றார்.

ஆம், ஏறித்தான் எழுத வேண்டும். ஆறு பெருகினால் இந்தத் தரையில் எதுவரை தண்ணீர் நிற்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் பொத்தான்கள் கைக்கு எட்டும் இடத்தில், டிரைவ்கள் மட்டும் தலைக்கு மேலே. அண்ணாந்து பார்த்துத்தான் பெயரைப் படிக்க முடியும்.

தவறே நடக்கவில்லையா? நடந்தது. ஒரு குளிர்காலத்தில் புதிதாக ஒரு டிரைவை ஓட்டியதும் அதிலிருந்து எர்த்துக்குக் கசிந்த மின்சாரத்தில் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து கட்டடம் முழுக்க இருட்டாகிவிட்டது. மேலே பாடகர் குழு ஒத்திகையில் இருந்தது. போதகர் அம்மையார் மெழுகுவர்த்தியோடு படியிறங்கி வந்து, "தெல்மா! நாங்க பாதிப் பாட்டுல நிக்கிறோம்!" என்று கத்தினார். தெல்மா நிதானமாக, "பாட்டு தெரிஞ்சவங்களுக்கு வெளிச்சம் எதுக்குங்க?" என்றார். சிரிக்கிறீர்கள், அம்மையாரே சிரிக்கிறார்! ஆனால் மறுநாளே டிரைவ்களுக்கென்று தனி இணைப்பும் அவற்றுக்கு ஏற்ற பாதுகாப்பு சுவிட்சும் வந்தன. போட்டது யார்? உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர். தனக்கு எது சட்டப்படி கூடாதோ அதைத் தெல்மா தொட்டதில்லை. போன வாரம் திரு. ஃபேர்வெதர் அனுப்பிய பரிசோதகரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல், நாரிஸின் கேக்கை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் டீ குடிக்கும் சட்டம்! இந்தப் பட்டறையில் அதை மீறியவன் உண்டா? டிரைவை அணைத்தாலும் அதற்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் பதுங்கி இருக்கும். உடனே மூடியைத் திறந்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னால் நாம் கேட்போமா? நாமெல்லாம் அவசரக்குடுக்கைகள். அதனால் தெல்மா நிமிடக் கணக்கே சொல்லவில்லை. "அணைச்சுட்டுப் போய் கெட்டிலைப் போடு. டீ கொதிக்கக் கொதிக்கக் குடி. கடைசி மடக்கு உள்ள போனப்புறம் மூடியைத் தொடு. அதுக்கப்புறமும் மீட்டரை வெச்சுப் பாத்துட்டுத் தொடு." இந்தப் பட்டறையில் டீ குடிக்காமல் யாரும் மூடியைத் திறந்ததில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். கொஞ்சம் பருமனாக இருக்கிறோம்.

இப்போது இந்தப் பெரிய லேத்துக்கு வருகிறேன். அந்தப் புகைக்குப் பிறகு இது போர்வைக்குள் போய்விட்டது. இதன் மோட்டாருக்குப் பலம் இல்லாமல் போனதற்குக் காரணத்தைத் தெல்மா பிறகு கண்டுபிடித்தார். டிரைவ் தருகிற குறைந்த வோல்ட்டுக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் சுருள்களின் இணைப்பை மாற்ற வேண்டும். புது மோட்டார்களில் அதை வெளியிலேயே மாற்றிவிடலாம். இது கிழடு. மூன்று கம்பி முனைகள் ஒன்றாகச் சேரும் முடிச்சு சுருளுக்கு உள்ளே, நூல் கட்டுக்கும் வார்னிஷுக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது. பிய்க்காமல், கீறாமல் தோண்டி எடுக்க வேண்டும். முனைகளைப் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். திரும்பக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, ஓவனில் வைத்துச் சுட வேண்டும்.

சுட வேண்டும்! அதைப் புத்தகத்தில் படித்ததும் தெல்மா யாரைத் திரும்பிப் பார்த்தார்? காலமெல்லாம் இந்த ஊருக்கு ரொட்டி சுட்டுப் போட்ட நாரிஸை!

"யோவ் நாரிஸ், உன் ஓவன் வேணும். உன் விரலும் வேணும். இது உன் லேத்துய்யா."

"ஆளை விடு தாயே. நான் பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடறவன்."

உண்மைதான். சின்ன வயதில் பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தில் மின்சாரம் தாக்கி அவரைத் தூக்கி எறிந்திருக்கிறது. அதன் பிறகு சுவிட்சை மரக்கரண்டியால் அழுத்துகிற மனிதர் அவர். தெல்மா வருஷம் தவறாமல் கேட்டார். நாரிஸ் வருஷம் தவறாமல் மறுத்தார். நாங்கள் யாராவது செய்கிறோம் என்றால் தெல்மா விடவில்லை. "ஒருத்தர் பேர் சொல்லிட்டா அவருக்காகத்தான் நிக்கும்" என்றார். போர்வைக்குள் லேத் நின்றது. பிப்ரவரியில், தேவாலயத்து ஏற்றத்தில், மூச்சு நின்று தெல்மா விழுந்தார். லேத் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது.

கதவில் அந்த அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலை. நான் வந்து பட்டறையைத் திறந்தபோது வாசலில் நாரிஸ் நிற்கிறார். தெல்மாவின் மேலங்கியை மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது சின்னது, பொத்தான் போடவில்லை. கையில் ஸ்க்ரூடிரைவர், தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

"ஹெட்லி, அந்த மோட்டாரைக் கழட்டணும். எப்படிக் கழட்டறதுன்னு சொல்லு. நீ தொடாதே."

"நாரிஸ், உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அவ சொன்னாளே, பயந்தவன் போட்டாத்தான் சரியா இருக்கும்னு. என்னை விடப் பயந்தவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

நான் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டேன். நஸ்ரீனும் விட்டுக்கொண்டாள். தோழர்களே, பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கம்பியைப் பிரிக்க அவர் படும் பாட்டைப் பார்க்கும்போது பிடுங்கி நாமே செய்துவிடத் தோன்றும். தெல்மா இத்தனை காலம் எப்படித்தான் நின்றாரோ!

ஆனால் அந்த விரல்கள்! அடுக்கடுக்கான மாவைப் பிரித்துப் பழகிய விரல்கள். நூல் கட்டை இழை இழையாக எடுத்தார். ஒரு கீறல் இல்லை. முடிச்சு வெளியே வந்தது. முனைகளைப் பிரித்தார், உறை போட்டார், கட்டினார், வார்னிஷ் ஊற்றினார். வீட்டுக் கொட்டகையில் இருக்கும் பழைய பேக்கரி ஓவனில் மோட்டாரை வைத்தார். புத்தகத்தில் போட்டிருக்கும் சூடு போதாதோ, கொஞ்சம் ஏற்றினால் சீக்கிரம் முடியுமே என்று நான் வாயை விட்டேன். நாரிஸ் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"ஹெட்லி! சூட்டைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே. அவசரப்பட்டா மேல காயும், உள்ள மாவா நிக்கும். ஓரமா உக்காரு."

உட்கார்ந்தேன். தெருவெல்லாம் வார்னிஷ் நாற்றம். சுட்டு எடுத்து, ஆறவைத்து, சோதித்து, மோட்டாரை லேத்தில் ஏற்றினோம். டிரைவிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கம்பி போனது. அந்தப் பித்தளைப் பிடி? அதை எறிந்துவிடவில்லை. மோட்டார் கம்பியிலிருந்து அதை விடுவித்து, மெல்லிய கம்பி இரண்டை மட்டும் அதில் இணைத்தார் நாரிஸ். இனி அந்தப் பிடி மின்சாரத்தை வெட்டாது. ஓடு, நில் என்று டிரைவுக்குச் சொல்ல மட்டும் செய்யும். தெல்மா ஆசைப்பட்ட பிடி தெல்மா ஆசைப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.

நேற்று பரிசோதகரை மறுபடி அழைத்து இதையும் காட்டிவிட்டோம். அவர் முன்னால் ஒரு முறை ஓடியது. ஓடும்போது நாங்கள் வெளியே போய்விட்டோம், பார்ப்பதை இன்றைக்கென்று வைத்துக்கொண்டோம்.

திரு. ஃபேர்வெதர் அவர்களே! இப்போது உங்களிடம் நேராகப் பேசுகிறேன். இது எல்லாம் அந்தம்மா ஒருவரின் வேலை என்றீர்கள். எழுந்து வாருங்கள். இந்தப் பட்டறையை ஒரு சுற்று சுற்றுங்கள். தலையைத் தூக்கி ஒவ்வொரு மூடியையும் படியுங்கள். நஸ்ரீன் என்று இருக்கும். ஹெட்லி என்று இருக்கும். கோணலாக இருக்கும், என் கையெழுத்து அப்படி. இங்கே உட்கார்ந்திருக்கும் பட்டறைக்காரர் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். எந்த மூடியைச் சுட்டி எவரைக் கேட்டாலும், எர்த் கம்பி எங்கே போகிறது, எந்த எண்ணை ஏன் ஏற்றினோம் என்று சொல்வார்கள். தெல்மா என்ற பெயரைத் தேடுங்கள்! எங்கே இருக்கிறது? அதோ, கெட்டிலுக்கு மேலே, கருகிப்போன பெட்டியில்! உங்கள் வாதப்படி அந்த ஒன்றைத்தான் நீங்கள் அகற்ற முடியும். அதை ஆணியிலிருந்து பிடுங்கவும் நாங்கள் விட மாட்டோம்!

யார் பதில் சொல்வது என்று கேட்டீர்களே? நாங்கள் சொல்வோம்! துணி தைக்கிறவள் சொல்வாள்! ரொட்டி சுடுகிறவர் சொல்வார்! மூடியில் பெயர் போட்டவன் ஓடி ஒளிய முடியுமா? திங்கட்கிழமை உங்கள் லாரி வரட்டும். தாராளமாக வரட்டும். வாசலில் கவிழ்த்த பெட்டிகள் வரிசையாக இருக்கும். எல்லாரும் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்போம். எங்களில் யாருக்குமே பல் சரியில்லை!

தோழர்களே, உறுதி எடுப்போம். இனி இங்கே யார் வந்து "போட்டுக் குடுங்க" என்று கேட்டாலும், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அவர்களையே போடச் சொல்வோம். திட்டுவோம். டீ கொடுப்போம். பெயிண்டை நீட்டுவோம். தெல்மா பாரக்ளஃப் என்ற அந்தச் சண்டைக்காரிக்கு எனக்குத் தெரிந்து செய்யக்கூடிய மரியாதை வேறில்லை. தெல்மா, உன்னை ரொம்பத் தேடுகிறது, பெண்ணே. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாய்.

வழக்கமாக இந்த இடத்தில் மௌன அஞ்சலி. இந்தப் பட்டறை அமைதியாக இருந்தால் "என்ன, எல்லாம் செத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறவர் அவர். ஆகவே மௌனம் வேண்டாம். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். தொப்பி போட்டிருப்பவர்கள் கழற்றுங்கள். திரு. ஃபேர்வெதர், நீங்களும் இப்படி முன்னால் வாருங்கள். அதோ அந்த ஏணிக்கு மேலே புது மூடி தெரிகிறதா? என்ன பெயர் என்று நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். ஏணியில் சாய்ந்துவிடாதீர்கள், பெயிண்ட் இன்னும் காயவில்லை, சொட்டும்.

நாரிஸ், அந்த மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்குங்கள்.